ஒளியை முந்தி வரும் கப்பலுக்கு 'வெயிட் பண்ணு' என்று யார் சொல்வது? சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரோல்பிளேயிங் கேம்களின் ஏடிசி கணக்கு

டெல்லியில் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். கதவு மூடியாச்சு, பெல்ட் போட்டாச்சு, ஆனால் விமானம் நகரவில்லை. மும்பையில் ட்ராஃபிக், ஏடிசி அனுமதிக்காகக் காத்திருக்கிறோம் என்கிறார் கேப்டன். மும்பை விமான நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். அங்கே இடம் இல்லை என்பதால் இங்கே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் மும்பை வானில் வட்டமடித்து எரிபொருளைக் கரைப்பதைவிட டெல்லி தரையில் நிற்பது மலிவு, பாதுகாப்பும்கூட. எந்த விமானத்தை எங்கே, எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்று பார்க்கவே இந்திய விமான நிலைய ஆணையம் டெல்லியில் ஒரு மத்திய மையம் நடத்துகிறது. யோசித்துப் பார்த்தால், இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது: செய்தி, விமானத்தைவிட வேகமாகப் போகும்.

அந்த ஒன்றை மட்டும் உருவிவிடுங்கள். விமானம்தான் உலகிலேயே வேகமானது. ரேடியோகூட அதற்குப் பின்னால்தான் வரும். இப்போது மும்பை டவர் என்ன செய்யும்?

இந்தக் கேள்வியை 1977-லேயே ஒரு விளையாட்டு கேட்டுவிட்டது. பெயர் டிராவலர்.

டிராவலர் என்றால் என்ன?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெரிந்திருக்கும். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். ஒருவர் மட்டும் மற்ற எல்லாமுமாக இருப்பார்: ஊர், வானிலை, வில்லன், கடைக்காரர். டிராவலரில் அவருக்கு ரெஃப்ரி என்று பெயர்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இருந்த கேம் டிசைனர்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற நிறுவனத்துக்காக மார்க் மில்லர் உருவாக்கிய விளையாட்டு இது. கறுப்பு அட்டை போட்ட மூன்று சின்னப் புத்தகங்கள் ஒரு பெட்டியில் வந்தன. டிராகனும் மந்திரவாதியும் கிடையாது. நடுவயது தாண்டிய முன்னாள் ராணுவத்தினர், வணிகர்கள், கடன் வாங்கி வாங்கிய ஒரு பழைய சரக்குக் கப்பல், கிரகத்துக்குக் கிரகம் சரக்கு ஏற்றி இறக்கும் பிழைப்பு, அவ்வளவுதான். ஆரம்ப கால விதிப்படி, பாத்திரத்தை உருவாக்கும்போதே அது செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு. ஆட்டம் தொடங்கும் முன்பே அவுட்.

இன்றுவரை இதன் புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. இப்போது பரவலாக ஆடப்படுவது மங்கூஸ் பப்ளிஷிங் வெளியிடும் பதிப்பு. கீழே வரும் பகடைக் கணக்கு அதிலிருந்துதான்.

ஒளியைவிட வேகமாக எப்படி?

உண்மையில் முடியாது. 1905-ல் ஐன்ஸ்டீன் சொன்ன சார்பியல் கோட்பாடு போட்ட வேலி இன்னும் அப்படியே நிற்கிறது. 1994-ல் மிகேல் அல்குபியரே காகிதத்தில் ஒரு வழி காட்டினார், ஆனால் அதற்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும், அது யாரிடமும் இல்லை. எனவே ஒவ்வொரு விளையாட்டும் தனக்கென ஒரு பொய்யைத் தேர்ந்தெடுக்கிறது. எந்தப் பொய் என்பதுதான் சுவாரஸ்யம். அந்த உலகின் வணிகம், போர், அதிகாரம் எல்லாமே அதிலிருந்துதான் முளைக்கும்.

டிராவலரின் பொய்க்குப் பெயர் ஜம்ப். விதிகள் சில வரிகளில் முடிந்துவிடும். கப்பல் நம் வெளியிலிருந்து மறைந்து ஜம்ப் வெளிக்குள் போகும். அங்கே சுமார் ஒரு வாரம் இருக்கும். பிறகு வேறோர் இடத்தில் வெளிவரும். ஜம்ப்-1 இன்ஜின் என்றால் அந்த வாரத்தில் 1 பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு தாண்டலாம். ஜம்ப்-6 வரை உண்டு. தூரம் எவ்வளவானாலும் நேரம் அதே ஒரு வாரம். ஒரு பார்செக்குக்கு, கப்பல் கொள்ளளவில் 10 சதவீதம் எரிபொருள் காலி. உள்ளே இருக்கும்போது வெளியுலகோடு எந்தத் தொடர்பும் கிடையாது.

கணக்குப் போட்டால், ஜம்ப்-1 கப்பல்கூட சராசரியில் ஒளியைவிட சுமார் 170 மடங்கு வேகம். ரேடியோ ஒளி வேகத்தில்தான் போகும். ஆக, ஒரு செய்தியை அடுத்த நட்சத்திரத்துக்கு அனுப்ப ஒரே வழி, அதைக் கப்பலில் ஏற்றி அனுப்புவது. பாய்மரக் கப்பல் காலத்து உலகம் மாதிரி.

100 விட்டம்: கண்ணுக்குத் தெரியாத எல்லைச்சுவர்

பெரிய பொருளுக்குப் பக்கத்தில் ஜம்ப் செய்வது ஆபத்து. ஒரு கிரகத்தின் விட்டத்தைப்போல 100 மடங்கு தூரம் தள்ளிப் போன பிறகுதான் குதிக்கலாம். வெளியே வரும்போதும் அப்படியே. மீறினால் மிஸ்ஜம்ப், எங்கே போய் விழுவீர்கள் என்பது பகடைக்கே வெளிச்சம்.

பூமியின் விட்டம் 12,742 கி.மீ. எனவே எல்லை சுமார் 12.7 லட்சம் கி.மீ. நிலவைப்போல மூன்று மடங்குக்கு மேல் தூரம். சாதாரண சரக்குக் கப்பலின் முடுக்கம் 1 ஜி, அதாவது ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 9.8 மீட்டர் கூடும். பாதி வழி முடுக்கி, மீதி வழி பிரேக் போட்டால் 6 மணி 20 நிமிடத்தில் பூமி வந்துவிடும். வியாழன் போன்ற வாயுக் கிரகம் என்றால் எல்லை 1.4 கோடி கி.மீ., 21 மணி நேரம்.

இதுவரை சுலபம். சூரியனையும் கணக்கில் சேர்த்தால்தான் வேடிக்கை. சூரியனின் 100 விட்டம் சுமார் 13.9 கோடி கி.மீ. பூமி இருப்பது சராசரியாக 14.96 கோடி கி.மீ. தூரத்தில். ஒரு கோடி கி.மீ. வித்தியாசத்தில் நாம் தப்பித்திருக்கிறோம்! நமக்கு மிக அருகில் உள்ள புராக்ஸிமா சென்டாரி நட்சத்திரத்தைச் சுற்றும் புராக்ஸிமா பி கிரகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது தன் நட்சத்திரத்திலிருந்து வெறும் 73 லட்சம் கி.மீ. தூரத்தில் சுற்றுகிறது, நட்சத்திரத்தின் எல்லையோ 2 கோடி கி.மீ.க்கு மேல். கிரகம் முழுக்க அந்த நிழலுக்குள்ளேயே. அங்கே வரும் கப்பல் கிரகத்தின் எல்லையில் இல்லை, நட்சத்திரத்தின் எல்லையில்தான் இறங்க வேண்டும்.

பூமிக்கும் ஒரு பிரச்னை உண்டு. பாதையில் குறுக்கே ஒரு நட்சத்திரத்தின் எல்லை வந்தால் கப்பல் அங்கேயே வெளியே தள்ளப்படும் என்பதைக் கண்டிப்பாகப் பின்பற்றும் மேசைகள் உண்டு. பூமியின் சுற்றுப்பாதைத் தளத்திலேயே இருக்கும் ஒரு நட்சத்திரத்திலிருந்து கப்பல் வருகிறது என்று வையுங்கள். வருடத்தில் சில மாதங்கள் பூமி சூரியனுக்குப் பின்னால் இருக்கும். நான் போட்டுப் பார்த்த கணக்கில், வருடத்துக்கு சுமார் 139 நாட்கள் சூரியனின் நிழல் குறுக்கே விழுகிறது. மிக மோசமான நாளில், சாமர்த்தியமான நேவிகேட்டர் ஓரமாக ஒதுங்கி வந்தாலும்கூட 1 ஜி கப்பலுக்கு 66 மணி நேரம் ஆகும். 6 மணி நேரப் பயணம் இரண்டே முக்கால் நாளாகிறது.

அதாவது, விண்வெளி வணிகத்துக்கும் சீசன் உண்டு. பருவக்காற்றுக்காகக் காத்திருந்த இந்தியப் பெருங்கடல் வணிகர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையிருந்திருக்காது. எந்த விதிப்புத்தகத்திலும் "சீசன்" என்று ஒரு வரி எழுதாமலே, வெறும் 100 விட்டம் என்ற ஒற்றை விதியிலிருந்து இது தானாக வருகிறது என்பது எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விஷயம்.

'ஒரு வாரம்' என்றால் எத்தனை மணி?

மங்கூஸ் பதிப்பில் ஜம்ப் நேரம் 148 மணி, கூடவே ஆறு பகடைகளின் கூட்டுத்தொகை. குறைந்தது 154, அதிகபட்சம் 184, சராசரி 169. பத்தில் ஏழு தடவை 165-க்கும் 173-க்கும் நடுவே விழும். இரண்டு ஓரங்களும் அபூர்வம்: 154 வர ஆறு பகடையிலும் 1 விழ வேண்டும், அது 46,656-ல் ஒரு தடவை.

இதை டவரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணால் பாருங்கள். பக்கத்து நட்சத்திரத்திலிருந்து இரண்டு கப்பல்கள் ஒரே நொடியில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. இரண்டுக்கும் ஒரே மணிக்கணக்கு விழும் வாய்ப்பு 100-க்கு சுமார் 7 தான். ஆறு மணி நேரம் பின்னால் கிளம்பிய கப்பல் முன்னால் கிளம்பியதை முந்திக்கொண்டு வருவது ஏறக்குறைய ஏழில் ஒரு தடவை நடக்கும். புறப்பட்ட வரிசை, வந்து சேரும் வரிசை அல்ல. போர்க்கப்பல் படை என்றால் நிலைமை இன்னும் மோசம்: ஒன்றாகக் குதித்தவை ஒவ்வொன்றாக, மணிக்கணக்கு இடைவெளியில், எதிரியின் வாசலில் வந்து விழும்.

அட்டவணை போட்டு மணிக்கு ஒரு கப்பல் என்று அனுப்பினாலும், வந்து சேரும்போது அந்த ஒழுங்கு கலைந்துவிடும். பல ஊர்களிலிருந்து வருபவை கலந்துவிட்டால், மழைத்துளி விழுவதைப்போல கிட்டத்தட்ட சீரற்ற வருகைதான். புள்ளியியலில் இதற்கு பாய்சான் என்று பெயர். சராசரி மணிக்கு ஒன்று என்றாலும், ஒரு கப்பல் வந்த பத்து நிமிடத்துக்குள் அடுத்தது வரும் வாய்ப்பு 15 சதவீதம். மூன்று மணி நேரம் வெறுமையாக இருந்துவிட்டு, அரை மணியில் நான்கு வரும் நாளும் உண்டு. நகரப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களுக்குப் புரியும்.

இங்கேதான் டெல்லி-மும்பை கதை உடைகிறது. 'இங்கே இடம் இல்லை, அங்கேயே பிடித்து வை' என்று சொல்ல வழியே இல்லை. சொன்னாலும் அந்தச் செய்தி ஒரு கப்பலில் ஏறி ஒரு வாரம் கழித்துத்தான் போய்ச் சேரும். அதற்குள் அடுத்த வாரக் கப்பல்கள் எல்லாம் ஏற்கெனவே ஜம்ப்பில் இருக்கும்.

ஆகவே டிராவலர் உலகின் விண்துறைமுகத்துக்குச் சரியான ஒப்பீடு விமான நிலையம் அல்ல, கொல்கத்தா துறைமுகம். ஹூக்ளி ஆற்றில் மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடலிலிருந்து வரும் கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே சாண்ட்ஹெட்ஸ் பகுதிக்கு வந்து, ஆற்றை அறிந்த பைலட்டுக்காகக் காத்திருந்து, அவரை ஏற்றிக்கொண்டு, 200 கி.மீ.க்கு மேல் உள்ளே போக வேண்டும். ரேடியோ வருவதற்கு முன்பு, எந்தக் கப்பல் எந்த நாளில் வரும் என்று ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. வந்தால் பார்த்துக்கொள்வார்கள். 100 விட்ட எல்லை என்பது விண்வெளியின் சாண்ட்ஹெட்ஸ்.

டவரால் என்னதான் முடியும்?

பூமி அளவு கிரகத்தின் எல்லையில் ஒரு கப்பல் தோன்றினால், அந்த ஒளி டவருக்கு வர 4.25 நொடி. கேள்வி கேட்டுப் பதில் வர எட்டரை நொடி. பேச முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். சூரியனின் எல்லையிலிருந்து என்றால், நட்சத்திர நிழலில் சிக்கிய ஊர்களில், ஒரு பக்கத்துக்கே ஏழு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அப்போது அது உரையாடல் அல்ல, வாய்ஸ் மெசேஜ்.

வங்காள விரிகுடா மேலே பறக்கும் விமானங்களைச் சென்னை கட்டுப்பாட்டு மையம் கவனிப்பதும் கொஞ்சம் இப்படித்தான். கரையிலிருக்கும் ரேடார் கடல் முழுவதையும் எட்டாது. அங்கே விமானிகள் டேட்டாலிங்க் வழியே எழுத்துச் செய்தியாகப் பேசுகிறார்கள், விமானம் தன் இடத்தைத் தானே அவ்வப்போது அறிவிக்கிறது. ரேடார் திரையில் ஒவ்வொரு நொடியும் பார்க்க முடியாததால் விமானங்களுக்கு நடுவே விடும் இடைவெளி பல மடங்கு அதிகம். தெரிவது குறைந்தால் இடைவெளி கூட வேண்டும் என்பது பூமியிலும் விண்வெளியிலும் ஒரே விதி.

கட்டுப்பாட்டாளருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் நாட்டிலேயே கசப்பான உதாரணம் இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானில் மோதி 349 பேர் இறந்தனர். 15,000 அடியில் இருக்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியது. டெல்லி ரேடாரில் விமானங்கள் புள்ளியாகத் தெரிந்தன, உயரம் தெரியவில்லை. வருவதற்கும் போவதற்கும் ஒரே வான்வழிதான் இருந்தது. அதன் பிறகுதான் மோதல் எச்சரிக்கைக் கருவி இந்திய வானில் கட்டாயமானது, வருகைப் பாதையும் புறப்பாட்டுப் பாதையும் பிரிக்கப்பட்டன.

டிராவலர் ரெஃப்ரிக்கும் இதே பாடம்தான். குதிக்கப் போகிறவர்களும் குதித்து வருகிறவர்களும் அதே 100 விட்ட எல்லையைத்தான் தேடுகிறார்கள். எல்லை பெரிய கோளம்தான், மோத வாய்ப்பு குறைவு. ஆனால் எல்லாரும் துறைமுகத்துக்கு மிகச் சுருக்கமான வழியைத் தேடும்போது, கோளத்தின் ஒரே மூலையில் கூட்டம் சேரும். புத்தியுள்ள துறைமுகம் வடபாதியை வருகைக்கும் தென்பாதியை புறப்பாட்டுக்கும் ஒதுக்கும்.

வேகம் என்ற வெடிகுண்டு

இதுவரை சொன்னதெல்லாம் நெரிசல். உயிர் போகும் விஷயம் வேறு. டிராவலர் மரபில், குதிக்கும்போது கப்பலுக்கு இருந்த வேகமும் திசையும் வெளியே வரும்போதும் அப்படியே இருக்கும். ஆனால் நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று நகர்ந்துகொண்டிருக்கின்றன. பர்னார்ட் நட்சத்திரம் நம்மை நோக்கி நொடிக்கு சுமார் 110 கி.மீ. வேகத்தில் வருகிறது. அங்கே 'நின்றுகொண்டிருந்த' கப்பல், இங்கே வெளிவரும்போது நொடிக்கு 110 கி.மீ. வேகத்தில் பறந்துகொண்டிருக்கும்.

திசை பூமியை நோக்கி என்றால், அந்த வேகத்தை 1 ஜி-யில் அடக்க 3 மணி நேரமும், 6 லட்சம் கி.மீ.க்கு மேல் தூரமும் வேண்டும். எல்லையிலிருந்து பூமிவரை இருப்பதில் பாதி. இன்ஜின் ஒழுங்காக இருந்தால் பிரச்னை இல்லை. இன்ஜின் செத்திருந்தால்? எல்லையிலிருந்து மூன்றே கால் மணி நேரத்துக்குள் தரையில் மோதும். எடை 1,000 டன் என்று வைத்தால் அந்த மோதலின் ஆற்றல் சுமார் 1.4 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு.

டவர் என்றால் பார்க்கிங் டோக்கன் கொடுக்கும் ஆள் என்று நினைத்திருந்தால், இந்த எண்ணைப் பார்த்ததும் அந்த நினைப்பு மாறிவிடும். எனவே வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி 'நீ யார்?' என்பதாக இருக்காது. 'உன் வேகம் என்ன, திசை என்ன, இன்ஜின் ஓடுகிறதா?' என்பதாகத்தான் இருக்கும். பதில் வராவிட்டால் இழுவைக் கப்பலா ஏவுகணையா என்று முடிவெடுக்க டவருக்குச் சில நிமிடங்கள்தான். விவரமான துறைமுகம், கிரகத்தை நேராகக் குறிபார்த்து வருவதையே தடை செய்து, பக்கவாட்டில் வெளிவரச் சொல்லும்.

இந்த விதிக்கு விளையாட்டுக்குள்ளேயே ஒரு அழகான விதிவிலக்கு உண்டு. எக்ஸ்-போட் எனப்படும் தபால் கப்பல், 100 டன், ஜம்ப்-4. அதில் சாதாரண இன்ஜினே கிடையாது. குதிக்க மட்டும் தெரியும், நகரத் தெரியாது. வந்து விழுந்த இடத்தில் மிதந்துகொண்டு, டெண்டர் என்ற தாய்க்கப்பல் வந்து எடுக்கும் வரை காத்திருக்கும். அதற்குள் தபாலை ரேடியோவில் அடுத்த எக்ஸ்-போட்டுக்கு மாற்றிவிடுவார்கள், அது உடனே குதிக்கும். 11,000 உலகங்கள் கொண்ட பேரரசின் நரம்பு மண்டலமே இந்தச் சின்ன டப்பாக்கள்தான். 100 பார்செக் தள்ளி ஒரு கலகம் வெடித்தால், தலைநகருக்குத் தெரிய வாரக்கணக்கில் 25 வாரமாவது ஆகும். பதில் உத்தரவு வர இன்னொரு 25. ஏன் அந்தப் பேரரசில் எல்லைப்புறப் பிரபுக்களுக்கு அவ்வளவு அதிகாரம் என்று யாராவது கேட்டால், பதில் இதுதான்.

வரிசையில் நின்றால் நஷ்டம் யாருக்கு?

இனி EMI பக்கம் வருவோம். சரி, இ.எம்.ஐ. கட்டுபவர்கள் கவனமாகப் படியுங்கள். டிராவலரில் கப்பல் வாங்க 20 சதவீதம் முன்பணம். பிறகு மாதாமாதம் விலையில் 240-ல் ஒரு பங்கு, 40 வருடம். மொத்தத்தில் விலையைப்போல 2.2 மடங்கு கட்டி முடிக்க வேண்டும். வழக்கமான ஓட்டம் ஒரு வாரம் ஜம்ப், ஒரு வாரம் துறைமுகம், வருடத்துக்கு 26 பயணம். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு நாள் வரிசையில் நின்றால் 24 ஆகிவிடும். இரண்டு பயணத்தின் வருமானம் போச்சு, வங்கிக்காரன் மட்டும் நிற்கவே மாட்டான்.

துறைமுகம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு லிட்டில் விதி உதவும். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. மருத்துவமனை படுக்கை முதல் சர்வர் க்யூ வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். உள்ளே இருப்பவர் எண்ணிக்கை = வரும் வேகம் × தங்கும் நேரம். நாளைக்கு 10 கப்பல், ஒவ்வொன்றும் 7 நாள் தங்கும் என்றால், சராசரியாக 70 கப்பல் உள்ளே இருக்கும். ஆனால் 70 இடம் கட்டினால் பாதி நாள் வாசலில் க்யூதான். வருகை சீரற்றது என்பதால் 87 இடமாவது வேண்டும், அப்போதுகூட அபூர்வமாக நிரம்பி வழியும். டிராவலரில் துறைமுகங்களுக்கு ஏ முதல் இ வரை தரம் உண்டு, எக்ஸ் என்றால் ஒன்றுமே இல்லாத வெற்றுத் தரை. புத்தகம் எழுத்தைத்தான் தரும், இடத்தின் எண்ணிக்கையை ரெஃப்ரிதான் முடிவு செய்ய வேண்டும். எந்த ஊருக்கு எவ்வளவு போக்குவரத்து என்பதை இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்பினால், 1999-ல் வந்த 'கர்ப்ஸ் டிராவலர்: ஃபார் டிரேடர்' புத்தகத்தைத் தேடுங்கள். பொருளாதாரம் பெரிது, தூரம் குறைவு என்றால் வணிகம் அதிகம் என்ற உண்மையான ஈர்ப்பு மாதிரியை வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள்.

வரிசை பிடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. துறைமுகத்துக்கே போகாமல் வாயுக் கிரகத்தின் மேகத்தில் உரசி ஹைட்ரஜனை அள்ளிக்கொள்வது. இலவசம். ஆனால் சுத்திகரிக்காத எரிபொருளில் மிஸ்ஜம்ப் அபாயம் கூடும். அங்கே காவலும் கிடையாது. நம் சூரிய மண்டலத்தில் வியாழனிலிருந்து உதவி கேட்டால் பூமிக்குக் குரல் வரவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடற்கொள்ளையர்கள் எங்கே காத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மற்ற விளையாட்டுகள்?

சுருக்கமாக. ஸ்டார் ட்ரெக் உலகில் சப்ஸ்பேஸ் ரேடியோ கப்பலைவிட வேகம், எனவே அங்கே நம்ம ஊர் ஏடிசி மாதிரியே நடக்கும். 1987-ல் வந்த ஸ்டார் வார்ஸ் ரோல்பிளேயிங் கேமில் சிக்கல் வருகையில் இல்லை, புறப்பாட்டில்தான். அவசரமாகக் கணக்குப் போட்டுக் குதித்தால் பகடை கடினமாகும். கெவின் கிராஃபோர்டின் 'ஸ்டார்ஸ் விதவுட் நம்பர்' விளையாட்டில் கப்பல்கள் நட்சத்திர மண்டலத்தின் வெளி விளிம்பில் வந்து இறங்கும், பழைய வழிக்குறிப்பை நம்பி வந்தால் ஆபத்து கூடும். அதற்கு இலவசப் பதிப்பும் இருக்கிறது, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

தனியாகச் சொல்ல வேண்டியது பேட்டில்டெக். அங்கே ஜம்ப்ஷிப் ஒரு குதிப்பில் 30 ஒளியாண்டு வரை போய், நட்சத்திரத்தின் துருவத்துக்கு மேலேயோ கீழேயோ உள்ள புள்ளியில் இறங்கும். அதிலிருந்து பிரியும் ட்ராப்ஷிப், சூரியன் போன்ற நட்சத்திரத்தில் 1 ஜி-யில் ஒரு வாரத்துக்கு மேல் பயணித்துத்தான் கிரகத்தை அடையும். எல்லாரும் ஒரே இரண்டு வாசல் வழியே வருவதால் காவல் போடுவது சுலபம். அதைவிட முக்கியம், அங்கே கப்பலை முந்தும் செய்தித் தொடர்பு இருக்கிறது: ஹைப்பர்பல்ஸ் ஜெனரேட்டர், சுருக்கமாக எச்பிஜி. அதை இயக்குவது காம்ஸ்டார் என்ற ஒரே அமைப்பு. மதம் பாதி, டெலிகாம் நிறுவனம் பாதி. பெரும் படைகள் வைத்திருக்கும் அரசுகளே காம்ஸ்டாரைப் பகைத்துக்கொள்ள யோசிக்கும். 'அங்கேயே பிடித்து வை' என்று சொல்லும் வசதி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் இருக்கும் அதிகாரம் அது.

உங்கள் மேசையில் இதை எப்படிக் கொண்டுவருவது?

எல்லாக் கணக்கும் போட வேண்டாம், செத்துப்போவீர்கள். நான் டெல்லியில் நண்பர்களோடு ஆடும்போது நாங்கள் வைத்திருப்பது மூன்றே விஷயம். ஜம்ப் நேரத்துக்கு ஆறு பகடையை வீரர்களே உருட்டுவார்கள். வெளிவந்ததும், தரம் ஏ துறைமுகம் என்றால் இரண்டு பகடை உருட்டி வரிசையில் எத்தனையாவது என்று ரெஃப்ரி சொல்வார். ஒரு இடத்துக்கு ஒரு மணி நேரம். வரிசையை உடைக்க வேண்டுமென்றால் காரணம் சொல்லிப் பேச வேண்டும், டிராவலர் வழக்கப்படி இரண்டு பகடையில் 8 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். பேச்சுத் திறமை 0 என்றால் அதற்கு வாய்ப்பு 42 சதவீதம். பேச்சுத் திறமை 2 இருந்தால் 72.

போன மாதம் எங்கள் கப்பலில் தொற்றுநோய்க்கான மருந்து இருந்தது. வரிசையில் பதினொன்றாவது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு கப்பல் ரேடியோவுக்குப் பதில் சொல்லவே இல்லை. அது நோயாளிகளை ஏற்றிக்கொண்டு தப்பி வந்த கப்பலா, இன்ஜின் செத்து மிதக்கிறதா, கொள்ளையனா, தெரியாது. ஒதுங்கிப் போக எங்களுக்கு அனுமதி இல்லை, நிற்கவும் நேரம் இல்லை. டவரைக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னோம்.

எங்கள் ரெஃப்ரி பதில் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, எட்டரை நொடி எண்ணினார்.